நாலாவது ஆள்

தென்காசிக்குப் பக்கத்தில், அருவிக்குப் போகிற சாலையில், ஒரு காலத்தில் ஒரு மாடி அறை புதிதாக எழும்பி நின்றது. சுவரில் பெயிண்ட் வாசனை போகவில்லை. மெத்தையைச் சுற்றியிருந்த பாலிதீன் உறை பிரிக்கப்படவில்லை. கதவுக்குப் பின்னால் சட்டை மாட்ட நாலு கொக்கிகள் இருந்தன. அவற்றில் இதுவரை ஒரு துண்டுகூடத் தொங்கியதில்லை.

அந்த அறையைக் கட்டியவள் சண்முகவடிவு. கீழ்வீட்டில் தனியாக இருந்தாள். அவள் கணவன் ஆறுமுகநயினார் ஒன்பது வருஷமாக மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான். போன தடவை லீவு முடிந்து கிளம்பும்போது, வாசலில் கார் நிற்க, அவன் சொல்லிவிட்டுப் போனான்: "மாடியில ஒரு ரூம் எடுத்துப் போடு வடிவு. அருவிக்கு வாரவங்களுக்கு நாள் வாடகைக்கு விடுவோம். அது நின்னு சம்பாதிச்சுக் காட்டட்டும், நான் பெட்டியக் கட்டிட்டு வந்துருதேன்."

அறையோடு கூடவே வாடகையும் பிறந்தார். நாள் ஒன்றுக்கு இரண்டாயிரம். மடிப்புக் கலையாத வேட்டியோடு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குரலில் ஒரு கனம் இருக்கும். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

வடிவு அறையைப் படம் எடுத்து, அறை வாடகைக்கு விடுகிற செல்போன் செயலி ஒன்றில் போட்டாள். ஊர் ஊராக இருக்கிறவர்கள் அதில் பார்த்துப் பதிவு செய்துகொண்டு வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது வைகாசி மாசத்தின் ஆரம்பம். மலையில் அருவி விழ வேண்டிய இடத்தில் பாறை கறுப்பாகக் காய்ந்து கிடந்தது. பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை.

கேட் கிறீச்சிடும் போதெல்லாம் அறை, "யாரோ வாராங்க" என்றது. பால்காரர் வந்தார். கேஸ் சிலிண்டர் வந்தது.

பதின்மூன்றாம் நாள் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். தோளில் துணிப்பை. செருப்பு குதிகாலில் தேய்ந்து போயிருந்தது. நிறைய வீடுகளில் ஏறி இறங்கியவளுக்கு இருக்கிற பழகிய சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"அக்கா, என் பேரு சலுகை. முழுப் பேரு அறிமுகச் சலுகை. புதுசா ரூம் விடுற வீட்டுக்கெல்லாம் செயலிக்காரங்க என்னைத்தான் அனுப்புவாங்க."

வடிவு கையைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ என்ன வேலை செய்வ?"

"ஆள் கூட்டிட்டு வருவேன்." அவள் பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்துக் காட்டினாள். "மூணே பேரு. கூட்டமா வந்தாலும் ஒரு ஆள் கணக்குதான். ஒவ்வொருத்தருக்கும் வாடகையில அஞ்சுல ஒரு பங்கு குறையும். மூணாவது ஆளோட பெட்டி கேட்டைத் தாண்டினா நானும் தாண்டிடணும். அடுத்த புது வீட்டுக்குப் போயிடுவேன்."

மாடியிலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். "அஞ்சுல ஒரு பங்குன்னா?"

"நானூறு, அண்ணாச்சி."

"அப்ப நான் ஆயிரத்து அறுநூறா?" அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "பிறந்து பதின்மூணு நாள்கூட ஆகல, அதுக்குள்ள என்னைக் குறைக்க வந்துட்டாளா? கேட்டைச் சாத்தும்மா வடிவு!"

வடிவு கேட்டைச் சாத்தவில்லை. பன்னிரண்டு நாள் தனக்கு மட்டும் சமைத்துத் தின்றுகொண்டிருந்தவள் அவள். "உள்ள வா" என்றாள்.

சலுகை மாடிப்படியில் தங்கிக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் சாலையும் மலையும் தெரிந்தன. முதல் நாளே அறை அவளோடு பேச ஆரம்பித்துவிட்டது.

"நீ எத்தனை ரூம் பாத்திருக்க?"

"கணக்கே இல்லை."

"எல்லாம் நல்லா இருக்கா?"

"தெரியாது" என்றாள். "மூணாவது ஆளோட நான் வெளிய வந்துடுவேன். முதல் ஆள் பயந்துக்கிட்டே வருவார். ரெண்டாவது ஆள் குறை சொல்லுவார். மூணாவது ஆள் வரும்போதுதான் வீட்டுக்காரங்களுக்கே தலையணை எங்க வைக்கணும்னு புரியும். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நான் பாத்ததே இல்லை. நாலாவது ஆள் எப்படி இருப்பாங்க, என்ன சொல்லிக்கிட்டே உள்ள வருவாங்க, முழு வாடகையைக் கொடுக்கும்போது முகம் எப்படி இருக்கும்… இதெல்லாம் ஒரு வீட்டிலயாவது இருந்து பாக்கணும்னு ஆசை."

"நாலாவது ஆள் இங்கயும் வருவாங்களா?" என்று கேட்டது அறை.

"வருவாங்க."

"பாத்ததே இல்லன்னு சொல்லுத. பிறகு எப்படித் தெரியும்?"



மூன்றாம் நாள் சலுகை முதல் ஆளை அழைத்து வந்தாள். விருதுநகரிலிருந்து ஒரு தம்பதி, திருமணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள், வழியில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். அறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பையன் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டியபோது அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாள் அவர்கள் போனதும் வடிவு படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டாள். செயலிக்காரர்களுடைய பங்கு, ஏசி ஓடிய கரண்ட், சோப்பு, காபித்தூள் எல்லாம் போக அவள் கையில் நின்றது எண்ணூற்றைம்பது. மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"எண்ணூத்தம்பதா?" நயினார் சத்தம் மாடிவரை கேட்டது. "வீட்ட வாடகைக்கு விடுதியா, தர்மத்துக்கு விடுதியா? எவ அவ, நானூறு குறைக்கச் சொன்னவ? இப்படிப் போனா நான் தலை நரைச்சுத்தான் ஊருக்கு வருவேன்."

வடிவு போனை வைத்துவிட்டு மாடிப்படிக்கு வந்தாள். "ஏ பிள்ள, கேட்டியா? எங்க வீட்டுக்காரவுக வாயில நான் வாங்கிக் கட்டிக்கிடுதேன். உனக்கென்ன, உக்காந்திருக்க."

"கேட்டேன் அக்கா." சலுகை தலையைக் குனிந்துகொண்டாள். எந்த வீட்டிலும் அவளுக்குக் கிடைக்கிற பேச்சுதான் அது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் சுட்டது. பிறகு மெல்லச் சொன்னாள்: "போனைப் பாருங்க. அவங்க ஒரு சொல் எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க."

வடிவு பார்த்தாள். 'அறை சுத்தமாக இருந்தது. வெந்நீர் வந்தது. அக்கா காலையில் காபி கொடுத்தார்கள்' என்று இருந்தது.

"இதை வச்சு நான் என்ன செய்ய?"

"அந்தச் சொல் உங்க கேட்டுல உக்காந்துக்கும் அக்கா. வர்றவங்க போறவங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிக்கிட்டே இருக்கும். நான் போனாலும் அது போகாது."

வடிவு கீழே போனாள். ஆனால் அன்று சாப்பிடும்போது அந்தச் சொல்லை இன்னும் இரண்டு தடவை எடுத்துப் படித்ததைச் சலுகை பார்த்தாள்.

இரண்டாவது ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்த மூன்று பையன்கள். இரண்டு நாள் இருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள், சத்தமாகச் சிரித்தார்கள். போகும்போது 'குளியலறை வாளியில் ஓட்டை. மற்றபடி அருமையான வீடு' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

"ஓட்டைன்னு ஊருக்கே சொல்லிட்டானுவளே!" வடிவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"புது வாளி வாங்குங்க அக்கா. வாங்கியாச்சுன்னு கீழ எழுதுங்க. ஓட்டையைச் சொன்னதாலதான் அருமைன்னு சொன்னதையும் நம்புவாங்க."

வடிவு அன்றே தென்காசி போய் நீல நிறத்தில் பெரிய வாளி ஒன்று வாங்கி வந்தாள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சலுகையோடு அவர் பேசுவதில்லை. ஆனால் அவள் ஆள் கூட்டிவரப் போகும்போது, சாலை கண்ணில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஒரே ஒரு சீட்டுதான்.

அப்போதுதான் மதுரையிலிருந்து கேட்டு ஒரு செய்தி வந்தது. ஒரு குடும்பம், ஆடி மாசம், நாலு நாள். சலுகை விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள்.

வடிவு செல்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தாள். "நாலு நாளு பிள்ள! ஒரே வீச்சுல நாலு நாளு! எழுதிக்கிடச் சொல்லட்டா?"

அறை துள்ளியது. அதற்கு நாலு நாள் பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது. "சலுகை! மூணாவது ஆள் ஆடியிலதான வாராங்க? அதுவரைக்கும் நீ இங்கதான இருப்ப?"

சலுகைக்கும் அது உடனே புரிந்திருந்தது. மூன்றாவது சீட்டை ஆடிக்கு எழுதிவிட்டால், அந்தப் பெட்டி கேட்டைத் தாண்டும்வரை அவள் போக வேண்டியதில்லை. ஐம்பது நாள். ஆனி பிறக்கும். சாரல் விழும். அந்தக் கறுப்புப் பாறையில் தண்ணீர் இறங்கும். சாலை முழுக்க வண்டிகள் வரும். இடையில் முழு வாடகைக்கு யாராவது வந்து நிற்பார்கள். அவள் இந்தப் படியில் உட்கார்ந்தபடியே நாலாவது ஆளைப் பார்க்கலாம். அஞ்சாவது ஆளைக்கூடப் பார்க்கலாம்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்றாள்.

அன்று பிற்பகல் முழுக்க அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். மலைமேல் மேகம் ஒன்று வந்து நின்றது, விலகியது. அறை அவளிடம் ஆடி மாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. ஈரத்துணிகளுக்குக் கொக்கி போதுமா என்று கேட்டது. சலுகை அதற்கெல்லாம் 'உம்' கொட்டினாள். அண்ணாச்சியின் பக்கம் மட்டும் அவளால் திரும்ப முடியவில்லை.

வெயில் சாய்ந்தபோது எழுந்து, கொடியில் விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்த வடிவிடம் போனாள்.

"அக்கா, அந்த நாலு நாளை எனக்குக் கொடுக்காதீங்க."

வடிவு திரும்பினாள். "என்ன சொல்லுத?"

"ஆடியில இந்த ஊர்ல தங்க இடம் கிடைக்காம ஜனங்க வண்டியிலயே படுத்துக் கிடப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அந்த நாலு நாளுக்கு என் தயவு வேண்டாம். அண்ணாச்சியே தனியா நின்னு கூப்பிடுவார். ஐநூறு ஏத்திக்கூடக் கேப்பார். நான் காய்ஞ்ச மாசத்துக்கு வந்தவ. அதுல செலவழியட்டும் என் சீட்டு. நல்ல மாசத்தை நான் தின்னா, ஒரு வருஷம் நீங்க காத்திருக்கணும் திரும்பவும்."

"கண்ணு முன்னால வந்த ஆளை வேண்டாம்னு சொல்லச் சொல்லுதியே? நீ சொன்னதக் கேட்டு விட்டுட்டு, ஆடியில ஒருத்தரும் கதவத் தட்டலன்னா?"

"தட்டலைன்னா என்னை வையுங்க அக்கா."

"வைய நீ எங்க இருப்ப?"

விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வடிவு கையிலிருந்த கிளிப்பைக் கொடியில் மாட்டாமல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். சலுகை இந்த வீட்டுக்கு வந்த பத்து நாளில் முதல் தடவையாக அவளை உண்மையிலேயே பார்த்தாள். "ஆடிக்கு எழுதினா நீ இருக்கலாம்லா? மேல ரூம் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எனக்கும் காதுல விழுந்துச்சு."

"இருக்கலாம்."

"பிறகு ஏம்ட்டி இப்படிச் சொல்லுத?"

"மஸ்கட்டுல ஒருத்தர் பெட்டியைக் கட்டணும்ல அக்கா."

வடிவு மதுரைக்காரர்களுக்கு முழு வாடகையை எழுதி அனுப்பினாள். அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள் வரவில்லை. அவள் சலுகையைத் திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. செல்போனை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்த்தாள். அறையும் பேசவில்லை. அது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது போலிருந்தது.

காற்றில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் தாமதித்தால் சாரல் தொடங்கிவிடும். அப்புறம் மூன்றாவது சீட்டு நல்ல நாளில்தான் போய் விழும். சலுகை தினமும் விடிந்ததும் கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் நின்றாள், ரயிலடியில் நின்றாள், யார் யாருடைய செல்போனிலோ போய் நின்று கூப்பிட்டாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பேருந்து நிலையத்தில் ஒரு தகப்பனும் மகளும் நிற்பதைப் பார்த்தாள். கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள். பெண்ணின் பெயர் இசக்கியம்மாள். மறுநாள் காலையில் அவளுக்கு அரசாங்க வேலைக்கான பரீட்சை. லாட்ஜுகளில் இடமில்லை. இடமிருந்த ஒரு லாட்ஜில் அறைக்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தகப்பனார் செல்போனை எட்டப் பிடித்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார். இரண்டாயிரம் என்று பார்த்ததும் அவர் விரல் அடுத்ததற்குப் போகப் போனது. அந்த நொடியில் சலுகை போய் முன்னால் நின்றாள்.

"ஆயிரத்து அறுநூறா?" என்றார் அவர். மகளைத் திரும்பிப் பார்த்து, "வாட்டி, போவோம்" என்றார்.

வடிவு அவர்களுக்கு ரசமும் பருப்புத் துவையலும் செய்து கொடுத்தாள். இசக்கி மேசை விளக்கில் படித்தாள். அறை அசையாமல், சத்தம் காட்டாமல் இருந்தது. மின்விசிறியைக்கூட மெதுவாகச் சுற்றவிட்டது. அது தன் கோபத்தை மறந்துவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு டவுன் பஸ் வரவில்லை. ஏழே முக்காலாகியும் வரவில்லை. இசக்கியின் முகம் வெளிறிவிட்டது. வடிவு வேறு எதுவும் யோசிக்கவில்லை. ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள். "ஏறு பிள்ள. அய்யா, நீங்க பின்னால ஆட்டோவுல வாங்க."

ஸ்கூட்டி சாலையில் மறைந்தது. பின்னாலேயே தகப்பனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினார்.

சலுகை பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அக்கா வாரவரைக்கும் இரேன்" என்றது அறை. "சொல்லிட்டாவது போ."

"பெட்டி தாண்டிடுச்சு."

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் கூடவா முடியாது?"

"முடியாது." அவள் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். விரிப்பு கலைந்திருந்தது. இசக்கி ஒரு பேனாவை விட்டுவிட்டுப் போயிருந்தாள். "உனக்கு முன்ன மாதிரி பெயிண்ட் வாசனை இல்லை இப்ப" என்றாள். "மனுஷ வாசனைதான் வருது."

படியிறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வாடகை அண்ணாச்சி நாற்காலியை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். கேட்வரை இருவரும் நடந்தார்கள்.

"பிள்ள" என்றார் அவர். "நீ பக்கத்துல நிக்கும்போது எனக்குக் குறைச்சலாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது."

"தெரியும் அண்ணாச்சி."

"இப்ப நீ போறது அதைவிடக் குறைச்சலா இருக்கு." "நாலாவது ஆள் வந்ததும் சொல்லி அனுப்புதேன். எந்த ஊருக்குப் போற?"

"எனக்கே தெரியாது அண்ணாச்சி. அனுப்புற ஊருக்குப் போவேன்."

அவள் சாலையில் இறங்கி நடந்தாள். அருவியின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பாறை அன்று காய்ந்துதான் கிடந்தது.

அதன் பிறகு சலுகை எத்தனையோ ஊர்களுக்குப் போனாள். ஏலகிரியில் ஒரு வீட்டில் அவளைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. வேளாங்கண்ணியில் ஒருவர், அவள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், மூன்று சீட்டையும் திருவிழாவுக்கே கொடுத்தார். கொடியேற்றத்திலிருந்து இறக்கம்வரை அவர் அறை நிறைந்திருந்தது, கை நிறையவில்லை. கூட்டம் கலைந்ததும் காலி அறையில் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்து, "நீ வராமலே இருந்திருக்கலாம்" என்றார். அவரோடு அவள் வாதாடவில்லை. சில வீடுகளில் நல்லபடியாக நடந்தது என்றுதான் நினைத்தாள். நினைக்கத்தான் முடிந்தது. ஒவ்வொரு ஊரைவிட்டுப் போகும்போதும் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்ப்பாள். எதிரே பெட்டியோடு யாராவது வந்தால், இவர்தானோ என்று இருக்கும். அவர்கள் வேறு தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பக்கமிருந்து காற்று வந்தால் அவளுக்கு வேலை ஓடாது.

கார்த்திகை மாசத்தில் அவளைத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். கடலைப் பார்த்த வீடு. பின்பக்க அறையைப் புதிதாக வாடகைக்கு விடப் போகிறார்கள். கதவைத் தட்டியதும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி திறந்தாள். பெயர் அமலோற்பவம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"அக்கா, என் பேரு சலுகை. முழுப் பேரு…"

"தெரியும், தெரியும். உள்ள வா." அமலோற்பவம் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "மூணு சீட்டு. பண்டிகை நாளுக்குக் கொடுக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, ஆள் வராத நாளாப் பாத்துக் கொடுத்துடணும். சரிதானே? வடிவு சொல்லியிருக்காங்க."

சலுகை பையை இறக்காமலே நின்றாள். "எந்த வடிவு?"

"தென்காசி வடிவு. அருவிக்குப் போற ரோட்டுல, மாடி ரூம். அவங்க வீட்டுல தங்கிட்டு வந்துதான் நாமளும் ஒரு ரூம் விட்டா என்னன்னு எனக்குத் தோணிச்சு. உன்னைப் பத்தி ஒரு பாட்டம் சொன்னாங்க. காலங்காத்தால ஸ்கூட்டியில போயிட்டுத் திரும்பி வந்து பாத்தா நீ இல்லையாம். மாடிப்படியில உக்காந்து அழுதாங்களாம்."

"நீங்க… எப்பப் போனீங்க?"

"ஆனி பிறந்த ரெண்டாம் நாள். செவ்வாய்க்கிழமை." சிரித்தாள் அவள். "நீ கூட்டிட்டு வந்தது மூணு பேரு. உனக்கப்புறம் முதல்ல போனது நானும் எங்க வீட்டுக்காரரும்தான். நான்தான் நாலாவது ஆள்."

சலுகை மெல்ல உட்கார்ந்தாள்.

"யாரு உங்களை அங்க அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. போன்ல பாத்தேன். ஒரு பொண்ணு எழுதியிருந்துச்சு, பரீட்சைக்கு நேரமாயிடுச்சுன்னு வீட்டுக்காரம்மாவே வண்டியில கொண்டு விட்டாங்கன்னு. அதுக்கு மேல இன்னொருத்தர் வாளி ஓட்டைன்னு எழுதி, கீழ 'புது வாளி வாங்கியாச்சு'ன்னு இருந்துச்சு. சிரிச்சுட்டேன். இங்கதான் போகணும்னு முடிவு பண்ணிட்டேன்."

"வாடகை?"

"முழு வாடகை. ஒரு ரூபா குறைக்கல அந்த அண்ணாச்சி. ஆனா என்னை நிமிந்து பாத்துட்டு, கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல அப்ப. உள்ள நுழைஞ்சதும் அந்த ரூம் கேட்டுச்சு, 'அவ உங்களைக் கூட்டிட்டு வந்தாளா?'ன்னு. எவன்னு கேட்டேன். பேரைச் சொல்லிச்சு. இல்லம்மா, நானா உன்னைத் தேடித்தான் வந்தேன்னேன்."

சலுகை மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"மதுரைக்காரங்க?" என்று கேட்டாள்.

"அவங்க வரலையாம். ஆனா ஆடி முழுக்க வேற ஆளுங்க. ஆவணியில திரும்பவும் காலியாத்தான் கிடந்துச்சாம். போன வாரம் பேசினாங்க. வீட்டுக்காரர் வந்திருக்காராம், ரெண்டு மாச லீவுல. திரும்பப் போறாரு. ஆனா அடுத்த ஆனிக்குள்ள முடிச்சுட்டு வந்துடுறேன்னு இந்தத் தடவை தேதியே சொல்லியிருக்காராம்."

கடலிலிருந்து காற்று வந்து ஜன்னல் கதவை ஆட்டியது. அமலோற்பவம் எழுந்து கொக்கியை மாட்டினாள். திரும்பி வந்து சலுகையின் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ ஒரு நாலாவது ஆளைக்கூடப் பாத்தது இல்லையாமே. வடிவு சொன்னாங்க. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. மூணாவது சீட்டைப் பொங்கல் லீவுக்கு எழுதிக்கிறேன். அதுவரைக்கும் நீ இங்க இரு. எனக்குக் கொஞ்சம் குறையும், குறையட்டும். சம்பளம் வருது. இருந்து பாத்துட்டுப் போ."

அப்படி ஒரு வீட்டுக்காரியும் அவளிடம் சொன்னதில்லை. சலுகை ஜன்னல் வழியே பார்த்தாள். பின்பக்க அறையின் வாசலில், புது வேட்டி கட்டிய வாடகை ஒருவர் விறைப்பாக நின்றுகொண்டு அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். கட்டில் இன்னும் வந்திருக்கவில்லை. காலியாக இருந்த அந்த அறை, கேட்டில் யார் என்று எட்டி எட்டிப் பார்த்தது.

"வேண்டாம் அக்கா" என்றாள். "அதோ அவருக்கு முழுசா நிக்கணும்னு இருக்கும்."

"அப்ப உனக்கு?"

சலுகை பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியை அமலோற்பவத்துக்கு நெருக்கமாக நகர்த்திப் போட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா," என்றாள். "நீங்க கேட்டைத் திறந்ததுலேருந்து."